கல்குவாரி ஊர்களின் அரசுப் பள்ளி: நன்கொடையா, சட்டக் கடனா?

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், திண்டிவனம் வட்டாரங்களில் வெட்டப்படும் கருங்கல், ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாறிப் புதுச்சேரி உள்ளிட்ட நகரங்களுக்குச் செல்கிறது. கல் சென்ற பின் ஊரில் எஞ்சுபவை ஆழ்ந்த பள்ளமும், புழுதியும், வெடி அதிர்வும். இவற்றோடு அண்மைக் காலமாக மற்றொன்றும் சேர்ந்துள்ளது. அரசுப் பள்ளியின் கழிப்பறைச் சுவரிலோ, நூலக அலமாரியிலோ, சுற்றுச்சுவர்க் கல்வெட்டிலோ குவாரி உரிமையாளரின் பெயர் பொறிக்கப்படுகிறது. கொடுத்தவருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தப்படுகிறது.

இந்தப் பொன்னாடைக்குச் சட்டத்தில் இடம் உண்டா? பள்ளிக்கு வரும் பணம் யாருடைய பணம்? அதைக் கேட்கவும் கணக்குப் பார்க்கவும் யாருக்கு உரிமை உண்டு? குவாரிப் பகுதிப் பெற்றோரும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கையில் வைத்துப் பயன்படுத்தும் வகையில் இக்கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இடமும் மக்களும்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் விழுப்புரம் பிரிக்கப்பட்டது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 29 விழுக்காடு. தமிழ்நாட்டின் சராசரியோ 20 விழுக்காடு. திண்டிவனம், வானூர் ஆகிய இரண்டும் தனித் தொகுதிகள். விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதியே. கல்மரப் பூங்காவால் அறியப்பட்ட திருவக்கரையைச் சுற்றியும் குவாரிகளும் கிரஷர்களும் இயங்குகின்றன.

இப்பகுதியின் மற்றொரு முக்கியச் சமூகம் இருளர். தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இம்மக்களில் கணிசமானோர் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டா இன்றி வாழ்கின்றனர். பழங்குடிச் சாதிச் சான்று வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை, கோட்டாட்சியரிடமே உள்ளது. ஒரு சான்றுக்காகப் பலமுறை அலைய வேண்டியுள்ளதால் பள்ளிப் படிப்பு பாதியில் நிற்பதும் உதவித்தொகை கிடைக்காமற் போவதும் இங்கு நன்கறியப்பட்டவை. பேராசிரியர் பிரபா கல்விமணி (கல்யாணி) திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழி நடத்திவரும் பணிகளில் சாதிச் சான்றும் பள்ளிச் சேர்க்கையும் தொடர்ந்து இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

பட்டா இல்லாமைக்கும் குவாரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959இன் 36ஆம் விதி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை வழங்கக் கூடாது என்கிறது. ஆனால் ‘குடியிருப்பு’ என்பதற்கு அவ்விதி தரும் விளக்கம், வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தமாகவோ வீட்டுமனையாகவோ காட்டப்பட்ட இடத்தையும், உரிய அமைப்பால் அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவையும் மட்டுமே குறிக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் குடிசையில் வாழ்ந்தாலும் பதிவேட்டில் இடம்பெறாத இருளர் குடியிருப்பு, இந்த அளவுகோலின்படி குடியிருப்பு ஆகாது. பட்டா மறுக்கப்பட்டவர்களுக்குக் கல் தெறிக்கும் தூரத்திலிருந்து பெறவேண்டிய பாதுகாப்பும் இவ்வாறு மறுக்கப்படுகிறது. குவாரிக்கு அருகில் வாழ நேர்ந்த அக்குழந்தைகள் செல்லும் பள்ளிக்குத்தான் அந்தக் குவாரியின் ‘உதவி’யும் வந்து சேர்கிறது.

பணம் வரும் நான்கு வழிகள்

ஊரில் எல்லாமே ‘கம்பெனி கொடுத்தது’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. சட்டத்தில் இவை நான்கு வெவ்வேறு வழிகள். ஒவ்வொன்றிலும் உரிமையின் தன்மை வேறு.

முதலாவது, சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனை. குவாரிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 மே 1 அன்று வெளியிட்ட குறிப்பாணை, திட்டச் செலவில் குறிப்பிட்ட விழுக்காட்டை ‘நிறுவனச் சுற்றுச்சூழல் பொறுப்பு’ என்ற பெயரில் பாதிக்கப்படும் பகுதிக்குச் செலவிடப் பணித்தது. 2020 செப்டம்பர் 30 குறிப்பாணை அந்த விழுக்காட்டு முறையைக் கைவிட்டு, மக்கள் கருத்துக் கேட்பில் எழும் கோரிக்கைகளுக்கான செலவைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் கல்குவாரிகளுக்கு வழங்கப்படும் அனுமதிகள் பலவற்றில், அருகிலுள்ள அரசுப் பள்ளியின் பெயரும் அதற்குச் செலவிட வேண்டிய தொகையும் நிபந்தனையாகவே எழுதப்படுகின்றன. கழிப்பறை, நூலகம், மரக்கன்று ஆகியவை அப்பட்டியலில் வழக்கமாக இடம்பெறுபவை. கல்குவாரி ஊர்ப் பள்ளியில் ‘நன்கொடை’யாகக் காட்டப்படுவது, பெரும்பாலும் இவ்வாறு உத்தரவிடப்பட்ட தொகையாக இருக்க வாய்ப்புண்டு. அனுமதி பெறுவதற்கு ஒப்புக்கொண்ட நிபந்தனையை நிறைவேற்றுவது ஈகை ஆகாது.

இரண்டாவது, பெருநிறுவன சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.). நிறுவனங்கள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. கல்குவாரிக் குத்தகைதாரர்களில் பெரும்பாலோர் தனிநபர்கள் அல்லது கூட்டாண்மை நிறுவனத்தினர். எனவே இக்கடமை அவர்களைத் தொடுவதில்லை. அவர்களிடம் ஜல்லி வாங்கிச் சாலையும் பாலமும் கட்டும் பெருநிறுவனங்கள் தம் சி.எஸ்.ஆர். நிதியைக் கல் பிறந்த ஊருக்குத் தரவேண்டிய கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, மாவட்டக் கனிம அறக்கட்டளை. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 9பி பிரிவு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த அறக்கட்டளையை அமைக்கச் சொல்கிறது. பெருங்கனிமக் குத்தகைதாரர்கள், குத்தகை வழங்கப்பட்ட காலத்தைப் பொறுத்து, உரிமத்தொகையின் 10 அல்லது 30 விழுக்காட்டை இதற்குச் செலுத்த வேண்டும். சிறுகனிமங்களிடமிருந்து வசூலிக்கும் அதிகாரத்தை 15ஏ பிரிவு மாநில அரசுக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017இல் வந்தன. ‘பிரதம மந்திரி கனிமப் பகுதி நலத் திட்ட’த்தின்படி இந்நிதியில் குறைந்தது 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குச் செல்ல வேண்டும் என்றிருந்தது, 2024இல் இது 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இப்பணம் சட்டப்படி பாதிக்கப்பட்ட மக்களுக்குரியது. எந்த உரிமையாளரும் இதற்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது.

நான்காவது, வரி. கனிம நிலத்தின்மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8:1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு கனிம வளம் உள்ள நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தை இயற்றி, 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைப்படுத்தியது. குவாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இந்த வரி பொது வருவாயில் சேர்கிறது. அதில் ஒரு பங்கு குவாரி ஊர்களின் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்பதற்கு அரசியல் நியாயம் உண்டு. சட்டக் கட்டாயம் இன்னும் இல்லை.

எதைத் தருகிறார்கள்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 19ஆம் பிரிவும் அதன் அட்டவணையும் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றை வரையறுக்கின்றன: ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம். நிறுவனங்கள் வழங்கும் பொருள்களின் பட்டியலை இதனருகில் வைத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அரசு 2009இலேயே செய்ய ஒப்புக்கொண்ட கடமையை, குவாரி உரிமையாளர் தம் அனுமதி நிபந்தனையின் பேரில் செய்கிறார். ஒரே கழிப்பறையால் இரு கடன்காரர்கள் தத்தம் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றனர். இரண்டு கடன்களும் பெறவேண்டிய குழந்தைக்கு நன்றிக்கடன் மட்டும் மிஞ்சுகிறது.

இதற்குப் பின்புலமாக அரசின் நிதி நெருக்கடியும் உள்ளது. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் சேர மறுத்ததற்காக 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது எனத் தமிழ்நாடு அரசு குற்றஞ்சாட்டியது. மாநில அரசே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி, நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிக்கு நிதியளிக்க வாயில் திறந்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தனியார் பள்ளிகள் 500 அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப்போவதாகச் செய்தி பரவியபோது எழுந்த எதிர்ப்பும், அது தத்தெடுப்பு அல்ல என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அளித்த விளக்கமும் நினைவுகூரத்தக்கவை. ‘தத்து’ என்ற சொல் மக்களைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. பெற்றோர் இருக்கும் குழந்தையை யாரும் தத்தெடுப்பதில்லை.

செல்வாக்கு எப்படிச் செயல்படுகிறது

பணம் கொடுத்தவர் பாடநூலைத் திருத்த வேண்டியதில்லை. செல்வாக்கு அதைவிட எளிய வழிகளில் நுழைகிறது.

ஒன்று, மௌனம். வகுப்பு நேரத்தில் வெடி வைக்கப்பட்டால், புழுதியால் குழந்தைகள் இருமினால், லாரிகள் பள்ளி வாயிலில் விரைந்தால், முதல் புகாரை எழுதக்கூடியவர் தலைமையாசிரியர். அவருடைய பள்ளியின் கூரை குவாரியின் பணத்தில் வேயப்பட்டிருந்தால் அந்தப் புகார் எழுதப்படுவது அரிது. நிதியைக் கேட்டும் பெற்றுக்கொண்டும் பள்ளி தரும் கடிதங்கள், குவாரியின் கோப்பில் ‘ஊர் ஆதரவு’க்குச் சான்றாக அமர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இரண்டு, சாதி. ஊரில் நிலமும் குத்தகையும் லாரியும் யாரிடம் உள்ளனவோ அவர்களே கொடையாளராகவும் மேடையேறுகின்றனர். கல் உடைக்கும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு, தன் தந்தையின் முதலாளியே பள்ளியின் புரவலராகவும் அறிமுகமாகிறார். சேரிக்கும் ஊருக்கும் பொதுவான ஒரே இடம் அரசுப் பள்ளி என்ற நிலை இதனால் தேய்கிறது. பள்ளிகளில் சாதி வன்முறை குறித்து ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கப் பரிந்துரைத்தது. கல்வெட்டில் பொறிக்கப்படும் கொடையாளர் பெயரையும் அந்தப் பரிந்துரையின் நோக்கத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்று, உழைப்பு. 18 வயது நிரம்பாதவரைச் சுரங்கத்தில் பணியமர்த்துவதைச் சுரங்கங்கள் சட்டம், 1952 தடை செய்திருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் வளரிளம் பருவத்தினரைச் சுரங்க வேலையிலிருந்து விலக்குகிறது. ஆயினும் முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு இடம்பெயரும் தொழிலாளர்களின் குழந்தைகள் பள்ளிப் பதிவேட்டிலிருந்து விழுந்துவிடுகின்றனர். முன்பணத்தால் கட்டுண்ட உழைப்பு கொத்தடிமை முறையே என்பதை, அரியானாவின் கல்குவாரிகள் தொடர்பான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983இலேயே தெளிவாக்கியது. இக்குழந்தைகளுக்கென இயங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டச் சிறப்புப் பள்ளிகள் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டன. தனிக் கவனம் பொதுத் திட்டத்துள் கரைந்தது.

முதலாளியின் பணம் எந்த வடிவில் வரவேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு முன்னுதாரணம் உண்டு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது. அந்தப் பணம் இழப்பீடாக வந்தது. யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை.

நெய்வேலியும் நியமகிரிக்கு அப்பாலும்

பழைய தென்னார்க்காட்டின் பெருஞ்சுரங்கம் நெய்வேலி. 1956இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம், தன் நகரியத்தில் ஊழியர் குழந்தைகளுக்கென முறையான பள்ளிகளைக் கட்டி நடத்தியது. நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்கோ பெரிதும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுமே கதியாயின. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மறுகுடியமர்த்தும் இடத்தில் கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஏற்ற பள்ளி அமைய வேண்டும் என்கிறது. வேறொரு சட்டத்தின் கடமையை நிறைவேற்றும் செலவைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது என்று 2021இல் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகள் கூறுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பது சுரங்க ஊர்களில் இயங்குவோருக்கு இன்றியமையாதது.

ஒடிசாவில் இது வேறொரு எல்லையைத் தொட்டது. சுரங்க நிறுவனங்களின் நிதியையும் பெறும் புவனேசுவரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம், பல்லாயிரம் பழங்குடிக் குழந்தைகளை ஊரிலிருந்து பிரித்து ஒரே வளாகத்தில் தங்கவைத்துக் கற்பிக்கிறது. நிலத்திலிருந்தும் மொழியிலிருந்தும் குழந்தைகளை அகற்றும் முறை என்று மானிடவியலாளர்களும் பழங்குடி அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து, 2023ஆம் ஆண்டு உலக மானிடவியல் மாநாட்டை அந்நிறுவனத்தோடு இணைந்து நடத்தும் முடிவு 2020இல் கைவிடப்பட்டது.

அமெரிக்காவில் நிலக்கரித் தொழில் பாடத்துக்குள்ளேயே நுழைந்தது. அமெரிக்க நிலக்கரி அறக்கட்டளையின் நிதியில் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் நான்காம் வகுப்புக்குத் தயாரித்த எரிசக்திப் பாடக்கருவி, நிலக்கரியின் கேடுகளைச் சொல்லாமல் விட்டது. பெற்றோர், ஆசிரியர் எதிர்ப்பால் 2011இல் அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. சுரங்க மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில் 2014 டிசம்பரில் கல்வி வாரியம் பருவநிலை மாற்றம் குறித்த அறிவியல் பாட அளவுகோல்களின் சொற்களை மாற்றியது. எதிர்ப்புக்குப் பின், 2015 ஜனவரியில் அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு இடங்களிலும் திருத்தியவர்கள் பின்வாங்கியதற்கு, பெற்றோரும் ஆசிரியரும் ஆவணங்களைப் படித்துக் கேள்வி கேட்டதே காரணம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி பாடத்திட்டத்தை வகுக்கும் உரிமை அரசு அறிவிக்கும் கல்வி அதிகார அமைப்புக்கே உண்டு. நிறுவனம் தரும் கையேடோ, ‘விழிப்புணர்வு’ வகுப்போ அந்த அனுமதியின்றிப் பாடமாக முடியாது.

ஐந்தாவது அட்டவணை இல்லாத நிலம்

அட்டவணைப் பகுதிகளில் கனிம அறக்கட்டளையின் பணிகளுக்குக் கிராம சபையின் ஒப்புதல் தேவை. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே இருளருக்கும் பிற பழங்குடிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பட்டியல் சாதியினருக்கு எங்குமே அது இருந்ததில்லை. பாதிக்கப்பட்டோரின் பெயரில் திரளும் நிதியை எங்கே செலவிடுவது என்பதை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான அமைப்பு முடிவு செய்கிறது. சேரியின் குரல் அங்கே சென்றுசேர வழி வகுக்கப்படவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023இல் வந்தபோது தலித் அமைப்புகள் எழுப்பிய அச்சமும் இத்தகையதே: தனிப் பொறுப்பு கரையும்போது கேள்வி கேட்கும் இடமும் கரைந்துவிடும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவுகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். அரசு, உள்ளாட்சி மட்டுமன்றி ‘வேறு எந்த மூலத்திலிருந்தும்’ வரும் நிதியின் பயன்பாட்டைக் கண்காணிப்பது இக்குழுவின் சட்டக் கடமை. குவாரியின் பணமும் இச்சொற்களுக்குள் அடங்கும். இதன் அடிப்படையில் பின்வருவனவற்றைப் பரிந்துரைக்கிறோம்.

1. அருகிலுள்ள ஒவ்வொரு குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதியையும் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் தேடிப் பெறுக. பள்ளிக்கு ஒதுக்கப்பட்ட தொகை நிபந்தனைப் பட்டியலில் இருக்கும். நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளிக்கும் இணக்க அறிக்கையோடு அதை ஒப்பிடுக.

2. மாவட்டக் கனிம அறக்கட்டளையின் வரவு, செலவு, பயனடைந்த ஊர்கள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டம், 2005இன் 6ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரகத்தின் புவியியல் மற்றும் சுரங்கப் பிரிவிடம் கேட்கவும். 30 நாளில் விடை வரவேண்டும்.

3. பள்ளியின் தேவைகளை 22ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வளர்ச்சித் திட்டமாக எழுதித் தீர்மானம் நிறைவேற்றுக. கொடுப்பவர் விரும்புவதைப் பள்ளி ஏற்கும் நிலை மாறி, பள்ளி கேட்பதைக் கொடுக்கும் நிலை இதனால் உருவாகும்.

4. நிதி பெறும் எந்தக் கடிதத்திலும் ‘இன்ன அனுமதியின் நிபந்தனைப்படி’ என்று எழுதுக. ‘நன்கொடை’, ‘ஆதரவு’ ஆகிய சொற்களைத் தவிர்க்க. கல்வெட்டிலும் இதே சொற்கள் இடம்பெற வேண்டும் என வலியுறுத்துக.

5. வெடி வைக்கும் நேரம், லாரி ஓடும் நேரம், புழுதியின் அளவு குறித்துக் குழுவின் பெயரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் எழுதுக. பணியிட மாற்றத்துக்கு அஞ்சும் ஆசிரியரின் தோளில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

6. பட்டா இல்லாத குடியிருப்புகளின் பட்டியலைக் கிராம சபையில் பதிவு செய்க. 300 மீட்டர் விதியின் பாதுகாப்பைக் கோருவதற்கு இதுவே முதற்படி.

7. இடம்பெயர்ந்து வந்த குழந்தையைச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வயதுச் சான்று இல்லாமைக்காகச் சேர்க்கை மறுப்பதை 14ஆம் பிரிவு தடை செய்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டி மறுப்பதை 5ஆம் பிரிவு தடுக்கிறது.

நாம் கோருவது

நிறுவனங்களின் பணம் பள்ளிக்கு வரக் கூடாது என்பது நம் வாதம் அன்று. அது உரிய பெயரோடும், உரிய கணக்கோடும், உரியவர் கையால் வரவேண்டும் என்கிறோம். அனுமதி நிபந்தனைத் தொகைகள் தனித்தனிப் பள்ளிகளுக்கு நேரே செல்வதை நிறுத்தி, மாவட்ட அளவில் ஒரு பொதுக் கணக்கில் சேர்த்து, பாதிப்பின் அளவுக்கேற்பப் பகிர்ந்தளிக்க அரசு விதி வகுக்க வேண்டும். கனிம அறக்கட்டளையின் நிர்வாகத்தில் பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியல் சாதி, பழங்குடிப் பெற்றோருக்கு இடம் ஒதுக்க வேண்டும். ‘குடியிருப்பு’ என்பதன் விளக்கம், உண்மையில் மக்கள் வாழும் ஒவ்வோர் இடத்தையும் உள்ளடக்குமாறு திருத்தப்பட வேண்டும். இவற்றுக்கு விதித் திருத்தங்கள் தேவை. அதுவரை, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ‘இந்தப் பணம் எந்த உத்தரவின்படி வந்தது?’ என்று ஒரு பெற்றோர் எழுந்து கேட்பதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை.